கோலம் போட்டால் மனச்சோர்வு போய்விடுமா? கலையும் மனநலமும்: வடசென்னைத் தெருவிலிருந்து ஒரு விளக்கம்

"தினமும் அரைமணி நேரம் படம் வரைந்தால் டிப்ரஷன் ஓடிப்போகும்", "இந்த ராகத்தைக் கேட்டால் பிரஷர் மாத்திரையே வேண்டாம்" என்றெல்லாம் வாட்ஸாப்பில் வந்துகொண்டே இருக்கிறது. கூடவே, கனடாவில் டாக்டர்கள் நோயாளிகளை மியூசியத்துக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதித் தருகிறார்கள் என்ற செய்தியும் அவ்வப்போது சுற்றுகிறது. முதல் இரண்டும் பொய். மூன்றாவது உண்மை. 2018 நவம்பரில் மான்ட்ரியால் நுண்கலை அருங்காட்சியகமும் அங்குள்ள பிரெஞ்சு மொழி மருத்துவர்கள் சங்கமும் சேர்ந்து அப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கின. பொய்யும் உண்மையும் ஒரே போனில் அடுத்தடுத்து வந்து விழுந்தால், படிக்கிறவர் எதை நம்புவது, எதைத் தள்ளுவது?

மனசைத் தாங்கிப் பிடிக்கும் சக்தி கலைக்கு உண்டு, அதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஆனால் மாத்திரை வேலை செய்கிற மாதிரி அது வேலை செய்வதில்லை. வரைகிற கையும் பாடுகிற மூச்சும் பக்கத்தில் நிற்கிற ஆளும்தான் பலனைத் தருகிறார்கள். முடிவில் கிடைக்கிற படம் அழகாக இருக்கிறதா என்பது பெரும்பாலும் கணக்கிலேயே வருவதில்லை. இதை விளக்க வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை என எந்தப் பக்கம் போனாலும் இங்கே கலை வாசலிலும் சாவு வீட்டிலும் கோயில் தெருவிலும்தான் இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

முதலில் வார்த்தைகளைப் பிரித்துக்கொள்வோம்

மனநலம் என்றதும் பலருக்கு மனநோய்தான் ஞாபகம் வருகிறது. வடசென்னையில் இன்னும் மோசம், "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப் பெயரே வசைச்சொல் ஆகிவிட்டது. 1794-இல் தொடங்கி இன்றுவரை லட்சக்கணக்கானவர்களைக் கவனித்து அனுப்பிய, கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் ஒரு அரசு மனநல மருத்துவமனையின் பெயரைச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டுகிறோம். அந்த வசை விழும் என்ற பயத்திலேயே எத்தனை பேர் டாக்டரிடம் போகாமல் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள்!

உலக சுகாதார நிறுவனத்தின் விளக்கப்படி, வாழ்க்கையின் அழுத்தங்களைச் சமாளிக்கவும், தன் திறமையை உணரவும், நன்றாகக் கற்கவும் வேலை செய்யவும், சுற்றியிருப்பவர்களுக்குப் பயன்படவும் முடிகிற நிலைதான் மனநலம். அதாவது இது எல்லோருக்கும் உள்ள விஷயம். சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் உடல்நலம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அப்படி.

அடுத்தது கலை. கலைக்கும் ஆரோக்கியத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அதே நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019-இல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அந்த அறிக்கையில் பாட்டு, நடனம், நாடகம், ஓவியம், கைவினை, எழுத்து, வாசிப்பு, அருங்காட்சியகம் போவது, திருவிழாவுக்குப் போவது எல்லாமே கலையாகத்தான் கணக்கில் வருகின்றன. ஆக, ஆடி மாசத்து அம்மன் கோயில் கூத்தும் கணக்கில் உண்டு.

இன்னொரு பிரிவினையும் முக்கியம். நாமே விருப்பப்பட்டுப் பாடுவது, வரைவது, பார்ப்பது, கேட்பது எல்லாம் கலை ஈடுபாடு. பயிற்சி பெற்ற ஒருவர் சிகிச்சையின் ஒரு பகுதியாக, நோக்கம் வைத்து, நோயாளியோடு உட்கார்ந்து செய்வது கலை சிகிச்சை. இந்தப் பெயரை 1942-இல் கொடுத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோய் வந்து சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தபோது, தான் வரைந்துகொண்டே தேறியதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் படுக்கைக்காரர்களையும் வரைய வைத்தார். ஈடுபாடும் சிகிச்சையும் ஒன்றல்ல. வாட்ஸாப் செய்திகள் இந்த இரண்டையும்தான் போட்டுக் குழப்புகின்றன.

மனசுக்குள் என்ன நடக்கிறது

1. சுற்றிச் சுற்றி வரும் நினைப்புக்கு ஒரு தடை

மனச்சோர்விலும் பதற்றத்திலும் பொதுவாக இருக்கிற ஒரு விஷயம், ஒரே நினைப்பு திரும்பத் திரும்ப வருவது. மருத்துவர்கள் இதை எண்ணச் சுழற்சி என்பார்கள். நம் வீட்டில் "அதையே போட்டு உருட்டிக்கிட்டு இருக்காதே" என்பார்கள். ஆனால் உருட்டாதே என்று சொன்னால் மனசு உருட்டாமல் இருக்காது, அதற்கு வேறொரு வேலை கொடுக்க வேண்டும்.

தண்டையார்பேட்டையில் காலை ஐந்தரை மணிக்கு ஒரு வாசலைப் பாருங்கள். வாசல் என்றால் நாலடிக்கு மூன்றடி, ஒரு ஓரத்தில் பைக், இன்னொரு ஓரத்தில் தண்ணீர்க் குடங்கள். அந்த அம்மா தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் தள்ளிவிட்டு, ஈரம் கொஞ்சம் இழுக்கட்டும் என்று இடுப்பில் கை வைத்து நிற்கிறார். பிறகு குனிந்து புள்ளி வைக்கிறார். 13 புள்ளி, 7 வரை, ஊடுபுள்ளி. முதல் வரிசை கோணினால் கடைசி வரிசையில் இழை சேராது என்பது அவர் கைக்குத் தெரியும். சிக்குக் கோலம் என்றால் இன்னும் கவனம் வேண்டும், இழை ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துக்கொண்டு போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். ராத்திரி மகன் குடித்துவிட்டு வந்து போட்ட சத்தம் இந்தப் பத்து நிமிஷத்தில் ஞாபகம் வராதா? வரும். வந்தால் புள்ளி தவறும், கை நிற்கும், எங்கே விட்டோம் என்று கண் தேடும். தேடும்போது நினைப்பு மறுபடி கோலத்துக்கே வந்துவிடும். பத்து நிமிஷத்துக்குள் அந்த நினைப்பு பலமுறை அறுபடுகிறது. அவர் எழுந்து நிமிரும்போது பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது, ஆனால் விடாமல் ஓடிய ஓட்டம் ஒருமுறை நின்றிருக்கிறது.

இதற்கு நெருக்கமான ஒரு பரிசோதனை 2005-இல் அமெரிக்காவில் நடந்தது. 84 கல்லூரி மாணவர்களை முதலில் பயமான ஒரு சம்பவத்தை எழுத வைத்துப் பதற்றமாக்கினார்கள். பிறகு மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்கு மண்டலா எனப்படும், கோலம் போன்ற வட்ட வடிவம், இன்னொன்றுக்குக் கட்டம் போட்ட வடிவம், மூன்றாவதுக்கு வெற்றுத் தாள். வடிவத்துக்குள் வண்ணம் தீட்டிய இரண்டு பிரிவுக்கும் பதற்றம் இறங்கியது, வெற்றுத் தாளில் இஷ்டப்படி தீட்டியவர்களுக்கு அப்படி இறங்கவில்லை. ஒழுங்குள்ள, ஆனால் கவனம் கேட்கிற வடிவம் மனசுக்குப் பிடிமானம் தருகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். கோலத்தில் ஒளிந்திருக்கும் ஒழுங்கு சாதாரணமானதல்ல. 1970-களில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் கோலத்தைக் கணினி இலக்கணமாகவே எழுதிக் காட்டினார்கள்.

2. மூச்சு

பாடும்போது மூச்சைச் சட்டென்று இழுத்து மெதுவாக, நீளமாக விடுகிறோம். நீளமாக வெளியேறும் மூச்சு வேகஸ் என்ற நரம்பு வழியாக இதயத் துடிப்பைத் தணிக்கிறது. மூளையிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் இந்த நரம்புதான் "ஆபத்து இல்லை, அமைதியாகலாம்" என்ற தகவலை உடம்புக்குக் கொண்டுபோகிறது. ஸ்வீடனில் சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பை 2013-இல் அளந்து பார்த்தபோது, பாட்டின் அடிகளை ஒட்டி எல்லோருடைய துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கியது தெரிந்தது.

பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வுக்கும் இதை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் 134 தாய்மார்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவைக் கைக்குழந்தையோடு பத்து வாரம் சேர்ந்து பாட வைத்தார்கள். ஒரு பிரிவுக்குப் படைப்பு விளையாட்டு, இன்னொரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். அறிகுறிகள் ஓரளவுக்கு மேல் இருந்த தாய்மார்களில், பாடியவர்கள் முதல் ஆறு வாரத்தில் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். பத்தாவது வாரத்தில் மூன்று பிரிவுமே தேறியிருந்தது. ஆக, பாட்டு தேறுவதை முன்னால் கொண்டுவந்தது. பச்சைக் குழந்தை வைத்திருக்கும் ஒரு தாய்க்கு நாலு வாரம் முன்னதாகத் தேறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தாலாட்டு குழந்தைக்கு மட்டும் என்று நினைத்திருந்தோம்.

3. பெயரில்லாத வலிக்கு ஒரு உருவம்

இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது.

உணர்ச்சிக்குப் பெயர் வைத்தாலே அதன் வேகம் குறைகிறது என்பதை மூளைப் படங்கள் காட்டுகின்றன. கலிபோர்னியாவில் 2007-இல் நடந்த ஆய்வில், கோபமான, பயந்த முகங்களைப் பார்க்கும்போது அந்த உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்களின் மூளையில், அபாயமணி போல் வேலை செய்யும் அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு தணிந்தது. அதற்கும் முன்பே 1986-இல் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர், மனசை அழுத்திய சம்பவத்தை நாலு நாள், நாளுக்கு 15 நிமிஷம் எழுத வைத்தார். அந்த நாலு நாளும் எழுதியவர்களின் மனசு கனத்துத்தான் போனது. ஆனால் அடுத்த மாதங்களில், எதைப் பற்றியாவது சும்மா எழுதியவர்களைவிட இவர்கள் டாக்டரிடம் போனது குறைவு. வலியைச் சொல்லும்போது முதலில் வலிக்கும், பிறகுதான் இறங்கும்.

இந்த வேலையை வடசென்னை எப்போதோ செய்துவிட்டது. அதன் பெயர் மரண கானா.

சாவு விழுந்த வீட்டு வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஃப்ரீசர் பாக்ஸ் மேல் ரோஜா மாலை. பகலெல்லாம் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்து ஓய்ந்திருக்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கானா தொடங்கும். பாடுகிறவர் முதலில் வீட்டாரிடம் விவரம் கேட்டுக்கொள்வார். இறந்தவர் பெயர் என்ன, என்ன வேலை, பிள்ளைகள் எத்தனை, சம்சாரம் பெயர் என்ன, கூட்டாளிகள் யார். எல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். ஹார்பரில் மூட்டை தூக்கியது வரும், விடியற்காலையில் வலை இழுத்தது வரும், தங்கச்சி கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கியது வரும். சுற்றி நிற்கிற பசங்கள் கை தட்டிக்கொண்டே இருப்பார்கள். மகன் பெயர் பாட்டில் வருகிற அந்த இடத்தில், காலையிலிருந்து டீயும் ஐஸ் பெட்டியும் பூவும் என்று ஓடிக்கொண்டிருந்த அந்த மகன் உடைந்து அழுவான். "ஆம்பள அழலாமா" என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவன் ஊர் நடுவில் அழுகிறான், ஒருவரும் தடுப்பதில்லை, பாட்டு இன்னும் கொஞ்சம் நீள்கிறது. ஒரு மனிதரின் வாழ்க்கை அங்கே முதலும் முடிவும் உள்ள கதையாகிவிடுகிறது, துக்கத்துக்கு ஒரு வடிவம் கிடைத்துவிடுகிறது. கானாவைக் குடிகாரக் கூத்து என்று ஒதுக்கியவர்கள் அந்த மகனின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

4. பக்கத்தில் ஒரு ஆள்

தனிமை மனநலத்தைத் தின்னும். தனிமையை உடைப்பதில் சேர்ந்து பாடுவதற்கு ஒரு வேகம் இருக்கிறது. 2015-இல் பிரிட்டனில் புதிதாகத் தொடங்கிய பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்புகளில் சேர்ந்தவர்களை ஏழு மாதம் கவனித்தார்கள். கடைசியில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் வந்திருந்தது, ஆனால் பாடியவர்களிடம் அது சீக்கிரமே வந்துவிட்டது. பேசிப் பழகத் தயங்குகிறவர்களுக்கும் சேர்ந்து தாளம் போடுவதில் தயக்கம் இருப்பதில்லை.

தாளத்தைப் பற்றியே ஒரு ஆய்வு இருக்கிறது. லண்டனில் மனநலச் சேவை பெற்றுவந்தவர்கள் பத்து வாரம் குழுவாக உட்கார்ந்து ஜெம்பே என்ற ஆப்பிரிக்க மேளத்தை வாசித்தார்கள். 2016-இல் வந்த முடிவுகளின்படி மனச்சோர்வு அளவு சராசரியாக 38 சதவீதமும் பதற்றம் 20 சதவீதமும் குறைந்தன. சின்னக் குழுதான், யார் வாசிப்பது, யார் வாசிக்காமல் இருப்பது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வும் இல்லை, அதனால் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பெரிதாகப் பேசக் கூடாது. ஆனாலும் பறையும் சட்டியும் அடித்து வளர்ந்த ஒரு ஏரியாவுக்கு இந்தத் திசை நன்றாகவே புரியும்.

நன்றாக வரையத் தெரிந்தால்தான் பலனா?

தேவையில்லை. "எனக்கு அதெல்லாம் வராது" என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கலாம்.

2016-இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிஷம் களிமண், ஸ்கெட்ச் பேனா, காகித ஒட்டு வேலை என்று இஷ்டப்படி எதையாவது செய்யச் சொன்னார்கள். தொடங்கும் முன்னும் முடிந்த பிறகும் எச்சிலில் கார்டிசால் அளவைப் பார்த்தார்கள். கார்டிசால் என்பது மன அழுத்தத்தின்போது உடம்பில் ஏறும் ஹார்மோன். சுமார் 75 சதவீதம் பேருக்கு அது இறங்கியது. முன்பு வரைந்து பழகியவர், பழகாதவர் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை. ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்த இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பது இந்த ஆய்வின் குறை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் திறமைக்கும் பலனுக்கும் சம்பந்தம் தெரியவில்லை என்பது மற்ற ஆய்வுகளோடும் ஒத்துப்போகிறது.

நம் பள்ளிக்கூடப் பழக்கமோ இதற்கு நேர் எதிர். ஓவியம் என்றாலே போட்டி, பரிசு, சர்டிபிகேட். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, மனசார வரவேற்க வேண்டிய விஷயம், வியாசர்பாடிப் பையன் ஒருவன் பறையோடு மாநில மேடை ஏறுவது சாதாரணமா? ஆனால் மேடை ஏறாத மற்ற நாற்பது பிள்ளைகளுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரமாவது மார்க் இல்லாத, முதல் பரிசு இல்லாத ஓவிய வகுப்பு வேண்டும். "உனக்கு வராது" என்று எட்டு வயதில் கேட்ட பிள்ளை அதற்குப் பிறகு பென்சிலைத் தொடுவதே இல்லை, முப்பது வயதில் மனசு உடையும்போது அந்தப் பிடிமானம் கையில் இருப்பதில்லை. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு எனப் பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. பகுதிநேரமாகவே அவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததைப் பார்த்தாலே, ஓவியத்துக்கு நாம் கொடுத்திருக்கும் இடம் தெரிந்துவிடும்.

பார்ப்பதும் கேட்பதும் கணக்கில் வருமா?

வரும். பிடித்த பாட்டு உச்சத்துக்குப் போகும்போது உடம்பு சிலிர்க்கிறதே, அந்த நேரத்தில் மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கிறது என்று 2011-இல் கனடாவில் நிரூபித்தார்கள். பசிக்குச் சாப்பிடும்போது வேலை செய்யும் அதே திருப்திப் பாதைதான் இது.

நீண்டகாலக் கணக்கும் இருக்கிறது. இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டிய 2,000-க்கும் மேற்பட்டவர்களைப் பத்து ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், அருங்காட்சியகம், நாடகம், கச்சேரி, சினிமா என்று மாதம் ஒருமுறையாவது போனவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு, போகாதவர்களைவிட 48 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். காசும் நேரமும் நல்ல உடம்பும் உள்ளவர்தானே கச்சேரிக்குப் போகிறார்? அப்படியானால் அவரைக் காப்பாற்றியது கச்சேரியா, காசா? ஆய்வாளர்கள் வருமானம், படிப்பு, உடல்நிலை, நண்பர்கள் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் நின்றது. ஆனாலும் இது சேர்ந்து காணப்படுகிற தொடர்புதான், கலைதான் காரணம் என்று கோர்ட்டில் நிரூபித்த மாதிரி ஆகாது. இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று எடுத்துக்கொள்வதுதான் வாட்ஸாப் செய்திகள் செய்கிற முதல் தப்பு.

கேட்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. காதல் தோல்விப் பாட்டை இயர்போனில் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரி முழுக்க அதையே திரும்பத் திரும்பக் கேட்கிற பையன் தேறுகிறானா, இன்னும் ஆழமாக இறங்குகிறானா? பின்லாந்தில் 2015-இல் நடந்த ஆய்வில், கெட்ட உணர்ச்சியைக் கொட்டுவதற்கென்றே பாட்டைப் பயன்படுத்தியவர்களிடம், குறிப்பாக ஆண்களிடம், பதற்றம் கூடுதலாக இருந்தது. கேட்டு முடித்ததும் மனசு லேசானதா, இன்னும் கனத்ததா என்று பார்த்தால் போதும். கனத்துக்கொண்டே போனால் அந்தப் பாட்டு எண்ணச் சுழற்சிக்குத் துணை போகிறது. அதே சோகப் பாட்டை நாலு பேரோடு உட்கார்ந்து பாடினால் கதை வேறு.

எங்கே கலை போதாது

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய் உள்ள 417 பேரை வைத்து பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். வழக்கமான சிகிச்சையோடு வாராவாரம் குழுவாகக் கலை சிகிச்சையும் கொடுத்தால் கூடுதல் பலன் இருக்குமா என்பது கேள்வி. 2012-இல் வந்த பதில், குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை என்பதுதான். நிறையப் பேர் அந்த வகுப்புகளுக்கு ஒழுங்காக வரவும் முடியவில்லை. "மாத்திரையே வேண்டாம்" செய்தி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இது ஒன்றே போதும். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடுமையான மனச்சோர்வு இவற்றுக்கு மருந்தும் மருத்துவரும் கட்டாயம் வேண்டும், கலை பக்கத்தில் நிற்கலாம், அவ்வளவுதான். மாத்திரையைத் தானாக நிறுத்துவது உயிருக்கே உலை வைக்கும்.

நம் நாட்டில் பிரச்சினை இன்னும் அடிப்படையானது. பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகள் உள்ளவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறாதவர்கள்.

ஆகவே சில அறிகுறிகளைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் மனசு கனத்தே இருக்கிறது, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டது, முன்பு பிடித்த எதிலும் ஆசை இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நேரில் போவதென்றால் கீழ்ப்பாக்கத்தைத் தவிர ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, கூச்சப்படுகிறவர்களுக்கு அது சுலபமாக இருக்கலாம்.

வடசென்னைக்கு இதில் என்ன வேலை இருக்கிறது

ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்து எண்ணூர் மீனவர்களின் வீட்டுச் சுவரிலும் படகிலும் வலையிலும் ஒட்டிக்கொண்டது. அந்த மாதிரி இடத்தில் போய் "வரைந்து பாருங்கள், மனசு லேசாகும்" என்று மட்டும் சொன்னால் அது அநியாயம். வேலை இல்லாமை, ஏறும் வாடகை, குப்பைமேட்டுப் புகை, வீட்டுக்குள் புகும் வெள்ளம் எல்லாமே மனநலப் பிரச்சினைகள்தான். அவற்றைச் சரி செய்வதற்குப் பதிலாகக் கலையைக் கொடுப்பது ஏமாற்று. அவற்றுக்காகக் குரல் கொடுத்துக்கொண்டே, குரல் கொடுக்கிற மனிதர் உடையாமல் இருக்கக் கலையும் வேண்டும்.

அப்புறம், இடம். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் யார் எங்கே உட்கார்ந்து வரைவது? ஹவுசிங் போர்டு வராண்டாவில் கோலம் போட்டால் நடக்கிற வழி. அதனால்தான் சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்துக் கதவோரமாகச் சின்னதாக வரைகிறார்கள். மொட்டைமாடியில் மேளம் அடித்தால் பக்கத்து பிளாக்கில் சண்டை. மைதானம் பந்துக்கே போதவில்லை. 2023-இல் அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் குடிநீர், பள்ளி, மருத்துவமனை, சமுதாயக் கூடம் என்று செலவாகிறது. கட்டுகிற ஒவ்வொரு சமுதாயக் கூடத்திலும், கல்யாணம் இல்லாத நாட்களில் ஒரு அறை பாட்டுக்கும் மேளத்துக்கும் படம் வரைவதற்கும் திறந்திருந்தால் பெரிய செலவில்லை. சத்தம் வெளியே போகாத சுவர், ஒரு பாய், ஒரு பீரோ, சாவி வைத்திருக்க ஒரு ஆள்.

மரியாதையும் சேர்ந்தே வர வேண்டும். கானா பாடினால் ரவுடி என்று பார்த்த காலம் முழுசாகப் போய்விடவில்லை. ராயபுரத்திலிருந்து வந்த கானா பாடகி இசைவாணியை 2020-இல் உலகின் 100 பெண்கள் பட்டியலில் பிபிசி சேர்த்தது. ஆண்கள் மட்டுமே பாடிவந்த வெளியில் ஒரு பெண் நின்று பாடுவதைப் பார்த்த எத்தனை சிறுமிகள் அதற்குப் பிறகு வாயைத் திறந்திருப்பார்கள். தன் தெருவின் கலையைக் கேவலம் என்று கேட்டு வளரும் பிள்ளை தன்னையும் அப்படியே நினைத்துக்கொள்கிறது. அந்த நினைப்பு மனநலத்தை நேராகவே அரிக்கிறது.

இங்கிலாந்தில் 2019 முதல் அரசு மருத்துவச் சேவையிலேயே சமூகப் பரிந்துரை என்று ஒரு ஏற்பாடு விரிவாக நடக்கிறது. தனிமையிலும் லேசான மனச்சோர்விலும் இருப்பவரை டாக்டர் ஒரு இணைப்புப் பணியாளரிடம் அனுப்புவார். அந்தப் பணியாளர் உட்கார்ந்து பேசி, பக்கத்திலிருக்கும் பாட்டுக் குழுவிலோ தோட்ட வேலையிலோ கைவினை வகுப்பிலோ அவரைச் சேர்த்துவிடுவார். மருந்து தேவைப்பட்டால் அதுவும் தொடரும். நம்மிடம் வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பணியாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். "அக்கா, முன்னெல்லாம் பாடுவீங்களாமே, இப்போ பாடுறதில்லையா?" என்று அவர்கள் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கலாம், கூடவே போக ஒரு இடமும் காட்டலாம். அந்த இடத்தைத்தான் முதலில் உண்டாக்க வேண்டும்.

வீட்டிலேயே தொடங்குவதென்றால்

பெரிய சாமான் எதுவும் வேண்டாம். ஒரு அன்ரூல்ட் நோட்டு, ஒரு பென்சில், அல்லது ஒரு கிலோ கோலமாவு. நேரம் கொஞ்சமாக இருந்தாலும் தினமும் ஒரே நேரமாக இருந்தால் கை தானாகப் போகும். போனை வேறு அறையில் வையுங்கள். வரைந்ததை ஸ்டேட்டஸில் போட வேண்டியதில்லை, போட்டால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மனசு எண்ணத் தொடங்கிவிடும். சேர்ந்து செய்ய ஒரு ஆள் கிடைத்தால் விட வேண்டாம், அக்கா தங்கச்சியோ பக்கத்து வீட்டுப் பாட்டியோ யாரானாலும் சரி. பாட்டிக்கு ஒப்பாரியும் தாலாட்டும் தெரிந்திருக்கும், கேட்க ஆளில்லாமல்தான் பாடாமல் இருக்கிறார். பார்க்கப் போவதென்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் பக்கம்தான், வெள்ளிக்கிழமை விடுமுறை. வெண்கலச் சிலைக் கூடத்தில் எல்லாச் சிலையையும் சுற்றிப் பார்த்து முடிக்கப் பறக்காமல் ஒரே ஒரு சிலையின் முன்னால் பத்து நிமிஷம் நில்லுங்கள். விரல், மடித்த முட்டி, இடுப்பு மடிப்பு என்று கண் மெதுவாக நகரும், மூச்சும் கூடவே மெதுவாகும்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மாதக்கணக்கில் பேசாமல் கிடந்த ஒருவர் என்றைக்கோ ஒரு நாள் நோட்டை எடுத்து உட்கார்ந்தால், "என்ன இது, காக்காவா குருவியா?", "இதுல காசு வருமா?" என்று கேட்காதீர்கள். "சூப்பரா இருக்கே" என்று உடனே புகழவும் வேண்டாம், அதுவும் மார்க் போடுவதுதான். டீ வைத்துக் கொடுத்துவிட்டு, "இதைப் பத்திச் சொல்லேன்" என்று பக்கத்தில் உட்காருங்கள். சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் அவர் வரைந்து முடிக்கும் வரை சும்மா இருங்கள்.